பன்முகப் பண்ணைச் செய்கையும் கிராமியக் குடும்பங்களின் போசணையும்

(க.பொ.த. சாதாரண தரம் – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்: துணைப்பாடம்)

மாணவர்களே,

வன்னிப் பகுதியில் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அவர்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் உண்டு. பெரும்போக அறுவடை முடிந்ததும் வீட்டு விறாந்தையில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டுள்ளன. அவ்வீட்டில் எவரும் பசியோடு உறங்குவதில்லை. ஆயினும் பத்தாம் தரத்திற் கற்கும் மகள் வகுப்பில் அடிக்கடி சோர்ந்துபோகிறாள். குருதிப் பரிசோதனையில் அவளுக்குக் குருதிச்சோகை இருப்பது தெரியவருகிறது. அவளது தம்பி வயதுக்கேற்ற உயரத்தை அடையவில்லை.

நெல் நிறைந்த வீட்டில் போசணைக் குறைபாடு ஏற்படுவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். இவ்வாறான குடும்பங்கள் எமது கிராமங்களில் பல உள்ளன. உங்கள் வீட்டையும் இப்பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள்.

1. வயிறு நிறைதலும் போசணை பெறுதலும்

சோறு எமக்குச் சக்தியைத் தருகின்றது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கிலோகலோரி சக்தி உண்டு. ஆனால் அதிலுள்ள புரதம் 7 கிராம் அளவே ஆகும். அரிசியில் விற்றமின் சீ இல்லை. விற்றமின் ஏ ஆக மாறக்கூடிய கரட்டீன் வெள்ளை அரிசியில் இல்லையென்றே கூறலாம். கல்சியமும் இரும்பும் மிகக் குறைவு. தீட்டும்போது தவிட்டோடு விற்றமின் பீ வகைகளிற் பெரும்பகுதியும் போய்விடுகிறது.

ஆகவே சோற்றை மட்டும் நிறைய உண்பவருக்குப் பசி நீங்கும். ஆனால் உடலுக்குத் தேவையான நுண்போசணைப் பொருட்கள் கிடைப்பதில்லை. வெளியே தெரியாத இந்நிலை மறைபசி எனப்படும். இதனால் ஏற்படும் சில குறைபாடுகளை நினைவிற் கொள்ளுங்கள்.

• இரும்புக் குறைபாடு – குருதிச்சோகை, சோர்வு, கற்றலில் கவனக்குறைவு
• விற்றமின் ஏ குறைபாடு – மாலைக்கண், நோயெதிர்ப்புச் சக்தி குறைதல்
• கல்சியக் குறைபாடு – என்பு, பல் ஆகியவற்றின் வலிமை குறைதல்
• புரதக் குறைபாடு – வளர்ச்சி குன்றுதல், தசை நலிவு
• நாகக் குறைபாடு – வளர்ச்சி குன்றுதல், காயங்கள் ஆறுவதில் தாமதம்

மேற்கூறிய குடும்பத்தின் பிரச்சினை உணவின் அளவில் இல்லை. உணவின் வகையில் உள்ளது. வயலில் ஒரே பயிர், ஆகவே தட்டிலும் ஒரே உணவு.

2. பன்முகப் பண்ணைச் செய்கை என்றால் என்ன?

ஒரு பண்ணையில் ஒரு பயிரை மட்டும் செய்கை பண்ணாது, பல்வேறு பயிர்களையும் விலங்குகளையும் ஒன்றுக்கொன்று துணையாக அமையுமாறு வளர்த்தல் பன்முகப் பண்ணைச் செய்கை எனப்படும். இதன் பிரதான வடிவங்கள் வருமாறு:

அ. பயிர்ச் சுழற்சி – ஒரே நிலத்தில் வெவ்வேறு போகங்களில் வெவ்வேறு குடும்பப் பயிர்களைச் செய்கை பண்ணுதல். உதாரணம்: பெரும்போக நெல்லின் பின் எஞ்சிய ஈரலிப்பைப் பயன்படுத்திப் பயறு விதைத்தல். பயறு ஏறத்தாழ 60 – 70 நாட்களில் அறுவடைக்கு வரும்.

ஆ. ஊடுபயிர்ச் செய்கை – பிரதான பயிரின் வரிசைகளுக்கிடையே வேறொரு பயிரை வளர்த்தல். உதாரணம்: சோளத்தின் இடையே கௌபி.

இ. பல்படைப் பயிர்ச்செய்கை – வெவ்வேறு உயரமுள்ள பயிர்களை ஒரே நிலத்தில் அடுக்கடுக்காக வளர்த்தல். உதாரணம்: தென்னை, அதன்கீழ் வாழை, அதன்கீழ் வல்லாரை.

ஈ. பயிர் – விலங்கு ஒன்றிணைந்த பண்ணை – பயிர் மீதிகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனியாகும். சாணமும் கோழி எருவும் பயிருக்குப் பசளையாகும்.

உ. வீட்டுத்தோட்டம் – வளவிற்குள் மரக்கறி, கீரை, பழ மரம், கோழி முதலியவற்றைக் குடும்பத் தேவைக்காகப் பேணுதல்.

3. இது எமக்குப் புதியதன்று

இலங்கையின் உலர் வலயத்தில் ஆண்டு மழைவீழ்ச்சி 1750 மில்லிமீற்றரிலும் குறைவு. அம்மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையான மாதங்களிற் கிடைக்கின்றது. இதனாலேயே எமது மூதாதையர் குளங்களைக் கட்டினர். குளத்தின் கீழ் வயல், மேட்டில் சேனை, குடியிருப்பைச் சூழ வளவு. இதுவே பழைய குளக் கிராமத்தின் அமைப்பாகும்.

வயலில் நெல் விளைந்தது. சேனையில் குரக்கன், தினை, சோளம், பயறு, உழுந்து, எள்ளு, பூசணி என்பன கலந்து விளைந்தன. வளவில் முருங்கை, எலுமிச்சை, வாழை என்பன நின்றன. குளத்தில் மீன் கிடைத்தது. மழை பிழைத்து நெல் பொய்த்த ஆண்டிலும் குரக்கன் கைகொடுத்தது. இலங்கை உலர் வலயத்தின் தொடர்குளக் கிராம முறைமையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமை முறைமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஈர வலயத்தில் இதற்கு எடுத்துக்காட்டு கண்டி வீட்டுத்தோட்டமாகும். பலா, தென்னை, கமுகு, மிளகு, சாதிக்காய், வாழை, கிழங்கு வகைகள் என்பன ஒரு சிறு காடுபோல் அங்கே அடுக்காக வளர்கின்றன. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பலா நடுகையை நாடெங்கும் ஊக்குவித்த ஆதர் வீ. டயஸ் என்பவரைச் சிங்கள மக்கள் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என அன்போடு அழைத்தனர். நெல்லுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் பலா சோறு போடும் என்பதே அதன் கருத்து.

4. போசணை மேம்படும் நான்கு வழிகள்

பண்ணையிற் பலவகைப் பயிர்கள் இருப்பதால் குடும்பத்தின் போசணை எவ்வாறு உயர்கின்றது? பரீட்சையில் இவ்வினாவிற்கு விடை எழுதும்போது பின்வரும் நான்கு வழிகளையும் தனித்தனியே விளக்குதல் வேண்டும்.

முதலாவது வழி: நேரடி நுகர்வு

வளவில் விளைவது வீட்டுச் சமையலுக்கு வருகின்றது. கடைக்குப் போகாமலே கீரையும் முட்டையும் பழமும் கிடைக்கின்றன. சில ஒப்பீடுகளைக் கவனியுங்கள்.

• 100 கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 கிராம்; அதே அளவு உலர்ந்த பயறு அல்லது கௌபியில் ஏறத்தாழ 24 கிராம்.
• 100 கிராம் அரிசியில் கல்சியம் ஏறத்தாழ 10 மில்லிகிராம். அதே அளவு குரக்கனில் 300 மில்லிகிராமிலும் அதிகம்.
• 100 கிராம் கொய்யாப் பழத்தில் விற்றமின் சீ ஏறத்தாழ 200 மில்லிகிராம். இது தோடம்பழத்தில் உள்ளதிலும் பல மடங்கு அதிகம்.

புரதத்தைப் பொறுத்தவரை இன்னொரு சிறப்பும் உண்டு. அரிசியின் புரதத்தில் இலைசின் என்னும் அமினோவமிலம் குறைவு. அவரையினங்களில் இலைசின் நிறைய உண்டு. ஆனால் மெதியோனின் குறைவு. அரிசியில் அது போதியளவு உண்டு. ஆகவே சோற்றையும் பயறையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றையது நிரப்புகின்றது. எமது பாற்சோற்றிலும் பொங்கலிலும் பயறு சேர்ப்பது வெறும் சுவைக்காக மட்டுமன்று என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி: ஆண்டு முழுவதும் உணவு கிடைத்தல்

நெற் செய்கையை மட்டும் நம்பும் குடும்பத்தில், அறுவடை முடிந்த மாதங்களிற் கையிருப்பு உண்டு. அடுத்த அறுவடைக்கு முந்திய மாதங்களில் தட்டுப்பாடு வருகின்றது. பல பயிர்கள் இருந்தால் ஒன்று முடியும்போது இன்னொன்று தொடங்கும். மாரி மழையில் கீரை வகைகள் செழிக்கும். தையையொட்டிப் பனங்கிழங்கு வரும். கோடையில் முருங்கையும் மரவள்ளியும் தாங்கும். ஆவணியில் பனம்பழம் விழும். காயவைத்த பயறும் உழுந்தும் ஒடியலும் வற்றலும் எக்காலத்திலும் உதவும். உணவைச் சேமித்தலும் பன்முகச் செய்கையின் ஒரு பகுதியே என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது வழி: வருமானம்

மிகுதியாக விளைந்த கத்தரி, வெண்டி, முட்டை என்பவற்றை விற்றுப் பெறும் பணம் மீன், பால் போன்றவற்றை வாங்க உதவும். நெல்லின் வருமானம் ஆண்டில் இருமுறை மொத்தமாக வந்து, கடன் கட்டுவதிற் கரைந்துவிடுகின்றது. மரக்கறியும் முட்டையும் தரும் வருமானம் சிறியது; ஆனால் வாராவாரம் வருவது. அது தாயின் கையில் சேரும்போது பிள்ளைகளின் உணவுக்குச் செலவிடப்படும் வாய்ப்பு அதிகம்.

நான்காவது வழி: இடர் குறைதலும் மண் வளமும்

ஒரு பயிரை நோயோ, வரட்சியோ, விலை வீழ்ச்சியோ தாக்கினாலும் மற்றைய பயிர்கள் எஞ்சும். அவரையினப் பயிர்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் றைசோபியம் பற்றீரியாக்கள் வளிமண்டல நைதரசனைப் பதிக்கின்றன. இதனால் அடுத்த பயிருக்குத் தேவையான பசளையின் அளவு குறைகின்றது.

இவ்வழியின் பெறுமதியை நாடே அண்மையில் உணர்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ச்சியடைந்தது. தொடர்ந்து வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதமாகியது. அதாவது, ஓர் ஆண்டுக்கு முன் 100 ரூபாவிற்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் பல வீடுகளில் முதலிற் குறைக்கப்பட்டவை முட்டை, மீன், பால் மா என்பனவே. வளவில் நான்கு கோழியும் ஒரு முருங்கையும் நின்ற வீட்டுக்கு அவை எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

5. கால் ஏக்கர் வளவில் என்ன செய்யலாம்?

எமது குடும்பத்திற்கு வயலைத் தவிர கால் ஏக்கர், அதாவது நான்கு பரப்பு, வளவு உண்டு எனக் கொள்வோம். ஒவ்வொரு போசணைப் பொருளுக்கும் குறைந்தது ஒரு பயிரேனும் அமையுமாறு திட்டமிட வேண்டும்.

• வேலியோரம்: முருங்கை, அகத்தி. வேலிக்குக் கிளிசரிடியா. அதன் இலை பசுந்தாட் பசளையாகவும் பயன்படும்.
• கிணற்றடி: கழிவு நீர் செல்லும் வாய்க்காலோரம் வாழையும் பப்பாசியும். பழுத்த பப்பாசி கரட்டீன் தரும்.
• ஈரலிப்பும் நிழலும் உள்ள இடம்: வல்லாரை, பொன்னாங்காணி.
• வெயில் படும் பாத்திகள்: கத்தரி, வெண்டி, மிளகாய், தக்காளி, முளைக்கீரை. ஒரே நாளில் முழுவதையும் விதைக்காது இரண்டு வார இடைவெளியில் பகுதி பகுதியாக விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம்.
• பந்தல்: பயிற்றை, பாகல், புடோல். பூசணியை நிலத்திற் படரவிடலாம்.
• பின்புறம்: மரவள்ளி, வற்றாளை. உள்ளே செம்மஞ்சள் நிறமுள்ள வற்றாளை கரட்டீனும் தரும்.
• நிரந்தர மரங்கள்: தென்னை, மா, கொய்யா, எலுமிச்சை. பலா வளரும் இடமாயின் ஒரு பலா.
• விலங்குகள்: ஐந்தாறு ஊர்க்கோழிகள், வசதியிருப்பின் ஓர் ஆடு அல்லது பசு.

விலங்குணவு ஏன் அவசியம்? விற்றமின் பீ12 இயற்கையாக விலங்குணவுகளில் மட்டுமே போதியளவு காணப்படுகின்றது. முட்டை, பால், மீன் ஆகியவற்றின் புரதமும் தரமானது. ஊர்க்கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடாது. அடைகாக்கும் காலத்தில் நிறுத்திவிடும். ஆகவே எல்லாக் கோழிகளும் ஒரே காலத்தில் அடையிருக்காதவாறு பார்த்துக்கொள்வது நன்று.

6. வளவிலிருந்து தட்டுக்கு

இதுவே இப்பாடத்தின் மிக முக்கிய பகுதியாகும். வளவிற் பத்துப் பயிர் நின்றாலும் அவை தட்டுக்கு வராவிட்டால் போசணை உயராது. ஒரு பெண்ணின் உணவு போதிய வகைகளைக் கொண்டுள்ளதா என்பதை மதிப்பிட உணவு விவசாய நிறுவனம் ஓர் எளிய முறையை வெளியிட்டுள்ளது. இது 15 – 49 வயதுப் பெண்களுக்கு உரியது. உணவுகள் பத்துக் கூட்டங்களாகப் பிரிக்கப்படும்:

1. தானியங்கள், மாச்சத்துள்ள கிழங்குகள், கறி வாழைக்காய்
2. அவரையினப் பருப்புகள்
3. கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் (கச்சான், எள்ளு போன்றவை)
4. பாலும் பாலுணவுகளும்
5. இறைச்சி, மீன்
6. முட்டை
7. கரும்பச்சைக் கீரைகள்
8. விற்றமின் ஏ நிறைந்த ஏனைய காய்கனிகள் (பூசணி, பப்பாசி, மாம்பழம் போன்றவை)
9. ஏனைய மரக்கறிகள்
10. ஏனைய பழங்கள்

கடந்த 24 மணித்தியாலத்தில் குறைந்தது ஐந்து கூட்டங்களை உண்டிருப்பின் நுண்போசணை போதியளவு கிடைத்திருக்கும் வாய்ப்பு அதிகம். 15 கிராமிலும் குறைவாக உண்டவை கணக்கில் எடுக்கப்படா. ஆகவே தாளிதத்திலுள்ள கறிவேப்பிலையை ஒரு கூட்டமாக எண்ணக்கூடாது.

இனி இரண்டு உணவுகளை ஒப்பிடுவோம்.

சோறு, உருளைக்கிழங்குக் கறி, பருப்புக் கறி: கறி இரண்டாயினும் உணவுக் கூட்டமும் இரண்டே. சோறும் உருளைக்கிழங்கும் ஒரே கூட்டம் என்பதைக் கவனியுங்கள். அப்பருப்பும் இறக்குமதி செய்யப்பட்ட மைசூர்ப் பருப்பாகும்.

யாழ்ப்பாணத்து ஒடியற் கூழ்: ஒடியல் மாவும் மரவள்ளியும் ஒரு கூட்டம், மீன், நண்டு, இறால் இன்னொன்று, முருங்கை இலை மூன்றாவது, பயிற்றங்காய் நான்காவது. ஒரே பானையில் நான்கு கூட்டங்கள். பின்னர் ஒரு துண்டு பப்பாசி உண்டால் ஐந்து.

சமைக்கும் முறையும் முக்கியமாகும்.

• கீரையை முதலிற் கழுவி, பின்னர் அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினால் நீரிற் கரையும் விற்றமின்கள் இழக்கப்படும்.
• கீரை வறைக்குத் தேங்காய்ப்பூ சேர்ப்பது நன்று. கரட்டீன் அகத்துறிஞ்சப்படக் கொழுப்பு தேவை.
• இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுக. விற்றமின் சீ, தாவர உணவிலுள்ள இரும்பு அகத்துறிஞ்சப்பட உதவும்.
• உணவோடு தேநீர் அருந்துதல் இரும்பு அகத்துறிஞ்சலைக் குறைக்கும். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுக.
• மரவள்ளியைத் தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் நன்கு அவித்து, அந்நீரை வடித்துவிடுதல் வேண்டும். அதிலுள்ள நச்சுச் சயனைட்டுச் சேர்வைகள் இவ்வாறு நீங்கும்.

7. பன்முகச் செய்கையின் வரையறைகள்

சிறந்த விடையில் நன்மைகள் மட்டுமன்றி வரையறைகளும் இடம்பெறும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், பயிர் வகைகள் கூடும்போது உணவு வகைகளும் கூடுகின்றன எனக் காட்டியுள்ளன. ஆனால் அவ்வதிகரிப்பு பல இடங்களில் சிறியதாகவே உள்ளது. இதற்குக் காரணங்கள் உண்டு.

• விளைந்தவை முழுவதும் சந்தைக்குப் போதல். முட்டையை விற்று இனிப்புப் பானம் வாங்கினால் போசணை குறையும்.
• வேலைப் பளு முழுவதும் தாயின்மீது விழுதல். நீர் ஊற்றுதலையும் கோழி பார்த்தலையும் வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.
• கோடையில் நீர்த் தட்டுப்பாடு, குரங்கு, மயில், யானை என்பவற்றாற் பயிர் அழிவு.
• பரிமாறுவதில் வேறுபாடு. மீனும் முட்டையும் ஆண்களுக்கு முதலிற் சென்றால், அவை அதிகம் தேவைப்படும் கட்டிளமைப் பருவப் பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் எஞ்சுவதில்லை.
• வளவினாற் பெற முடியாதவை. அயடீனுக்கு அயடீன் சேர்த்த உப்பே உகந்தது.

குருதிச்சோகைக்குப் புழுத் தொற்று முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆகவே வைத்தியர் தரும் இரும்பு மாத்திரைக்குப் பதிலாகக் கீரை போதும் எனக் கருதுதல் தவறாகும். இரண்டும் வேண்டும்.

8. செயற்பாடு

நேற்றுக் காலை முதல் இரவு வரை நீங்கள் உண்டவற்றைப் பட்டியலிடுக. அவை மேற்கூறிய பத்துக் கூட்டங்களுள் எத்தனைக்கு உரியன எனக் கணக்கிடுக. விடுபட்ட கூட்டங்களுள் எவற்றை உங்கள் வளவிலேயே பெறலாம் என எழுதுக. வளவு இல்லாதோர் பழைய வாளியிலோ உரப்பையிலோ வளர்க்கக்கூடிய இரண்டு பயிர்களைப் பெயரிடுக.

9. மாதிரி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

வினா 1: மறைபசி என்றால் என்ன?
விடை: போதியளவு சக்தி தரும் உணவை உண்டபோதிலும் விற்றமின்களும் கனியுப்புகளும் போதியளவு கிடைக்காத நிலை.

வினா 2: நெல்லின் பின் பயறு செய்கை பண்ணுவதால் ஏற்படும் இரு நன்மைகளைத் தருக.
விடை: (i) வேர்ச் சிறுகணுப் பற்றீரியாக்களால் மண்ணில் நைதரசன் பதிக்கப்படல். (ii) குடும்பத்திற்குப் புரத உணவு கிடைத்தல்.

வினா 3: பன்முகப் பண்ணைச் செய்கை கிராமியக் குடும்பத்தின் போசணையை மேம்படுத்தும் விதத்தை விளக்குக.
விடைக் குறிப்பு: நேரடி நுகர்வு, ஆண்டு முழுவதும் கிடைத்தல், வருமானம், இடர் குறைதல் ஆகிய நான்கையும் ஒவ்வோர் உதாரணத்துடன் எழுதுக. ‘விளக்குக’ என வினவப்பட்டால் பெயரிடுவது மட்டும் போதாது. காரணமும் எழுத வேண்டும். இறுதியில் ஒரு வரையறையையும் குறிப்பிடுக.

வினா 4: ஒரு வளவில் பல பயிர்கள் இருந்தும் அக்குடும்பத்தில் மந்தபோசணை காணப்படுகின்றது. இதற்கான மூன்று காரணங்களைத் தருக.
விடைக் குறிப்பு: முழுவதையும் விற்றல், தவறான சமையல் முறை, குடும்பத்தினுள் சமமற்ற பங்கீடு.

மாணவர்களே, மீண்டும் அந்த வன்னிக் குடும்பத்திற்கு வருவோம். அவர்கள் வயலைக் கைவிட வேண்டியதில்லை. நெல் அவர்களது சோறு. அறுவடையின் பின் ஒரு துண்டு நிலத்திற் பயறு, வேலியில் முருங்கை, கிணற்றடியிற் பப்பாசி, பின்புறத்தில் சில கோழிகள். இவற்றோடு, அம்முட்டைகளுள் ஒன்று மகளின் தட்டுக்கும் வரவேண்டும் என்ற தீர்மானம். இவ்வளவும் சேர்ந்தாலே பன்முகப் பண்ணைச் செய்கை போசணையாக மாறும்.